ஜெனோவாவில் குடும்பத்துடன் குடியேறுதல்: பழைய நகரத்தில் வீடு எடுக்கலாமா?

கேள்வி: மல்லேஸ்வரம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். பெங்களூருவில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் பொருளறிவியல் துறையில் பணியாற்றி வருகிறேன். இத்தாலியின் ஜெனோவா நகரில் உள்ள இத்தாலியத் தொழில்நுட்பக் கழகத்தில் இரண்டாண்டு ஆய்வாளர் பணிக்கு எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. கணவர் வெளிவட்டச் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார்; மகளுக்கு ஏழு வயது; மாமியார் எங்களுடன்தான் இருக்கிறார், முழங்கால் வலி உள்ளவர்.

ஆய்வுக்கூடத்தைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியது தெரியும். ஊரைப் பற்றித்தான் ஒன்றும் பிடிபடவில்லை. பழைய நகரத்தின் படங்களைப் பார்த்ததிலிருந்து கணவருக்கு அங்கேயே குடியிருக்க வேண்டும் என்று ஆசை. சான் லொரென்சோ பேராலயத்துக்கு அருகில் ‘மூன்றாம் மாடி, உயரமான கூரை, பழைய மாளிகை’ என்று ஒரு வீட்டின் விளம்பரமும் வந்திருக்கிறது; வாடகையும் மற்ற பகுதிகளைவிடக் குறைவாகவே தெரிகிறது. குழந்தையோடு அங்கே வாழ முடியுமா, இத்தாலிய மொழி அறியாத பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்களா, சைவ உணவுக்காரர்களுக்கு அன்றாடப் பாடு எப்படி, கணவர் இங்குள்ள வேலையையே அங்கிருந்து தொடரலாமா என்பவை எங்கள் கேள்விகள். அங்கே வாழ்ந்தவர்கள், வாழ்பவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1: பானஸ்வாடி பயணி

வணக்கம் சகோதரி. துறைமுகம் சார்ந்த மென்பொருள் வேலைக்காகச் சில ஆண்டுகள் ஜெனோவாவில் இருந்துவிட்டுப் பெங்களூரு திரும்பியவன் நான். வீட்டைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் அந்த ஊரில் வீடு சரியாக அமைந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

முதலாவதாக, ஜெனோவாவில் வரைபடத்தை நம்பி வீடு எடுக்கக் கூடாது. கடலுக்கும் மலைக்கும் நடுவே இடுங்கிய நிலத்தில் எழும்பிய ஊர் அது. வரைபடத்தில் முந்நூறு மீட்டர் தொலைவில் தெரியும் கடைக்குப் போய்வர, மூச்சு வாங்கப் படியேற வேண்டியிருக்கும். அதனால்தான் அந்நகரத்துப் பொதுப் போக்குவரத்தில் பேருந்துகளோடு பொது மின்தூக்கிகளும் மலையேறும் கம்பி ரயில்களும் சேர்ந்திருக்கின்றன. பொர்த்தெல்லோ சதுக்கத்தில் ஒரு சுரங்க வழிக்குள் நுழைந்து மின்தூக்கியில் ஏறினால், கஸ்தெல்லெத்தோ மேட்டில் ஊர் முழுவதும் காலடியில் தெரியும் இடத்தில் இறங்கலாம். காய்கறிப் பையோடு பாட்டிமார் அதில் ஏறி வீட்டுக்குப் போவார்கள். மெட்ரோவும் உண்டு, ஆனால் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளந்தான். நம் ஊர் மெட்ரோவை மனத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டாம்.

இப்போது பழைய நகரம். ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் மிகப் பெரிய இடைக்கால நகரப் பகுதிகளுள் அது ஒன்று. அதன் சந்துகளைக் கருஜ்ஜி என்பார்கள். சில இடங்களில் இரு கைகளையும் விரித்தால் இருபுறச் சுவர்களையும் தொடலாம். அந்தச் சுவர்களோ ஆறேழு மாடி உயரம். கீழ் மாடிகளில் இருப்பவர்களுக்கு வெயில் என்பது எதிர்வீட்டின் உச்சியில் பார்த்துக்கொள்ளும் பொருள். வாடகை குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணம். வெயில் படாத சுவரில் ஈரம் தங்கும். அலமாரியை நகர்த்தினால் பின்னால் கரும்பூசணம் படர்ந்திருக்கும். மழைக்காலம் முழுவதும் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓட்டி, அதன் தொட்டியில் சேரும் தண்ணீரைத் தினமும் கொட்டுவது அங்கே சாதாரண வீட்டு வேலை.

விளம்பரத்தில் உள்ள ‘மூன்றாம் மாடி’யை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தரைத்தளம் கணக்கில் வராது. அதற்கு மேலே தாழ்வான கூரையுள்ள இடைத்தளம் ஒன்று இருந்தால் அதுவும் பெரும்பாலும் கணக்கில் வராது. பழைய மாளிகைகளில் கூரை உயரம் என்பதால் ஒரு மாடிக்கான படிகளே நம் ஊர் அடுக்ககத்தின் இரண்டு மாடிக்குச் சமம். படிகள் பெரும்பாலும் கரும்பலகைக் கல்லால் ஆனவை, நூற்றாண்டுகள் மிதிபட்டு நடுவில் குழிந்தவை, மழை நாளில் வழுக்குபவை. ஆகவே முகவரிடம் எத்தனையாவது மாடி என்று கேட்காமல் தெருவிலிருந்து வீட்டு வாசல் வரை எத்தனை படிகள் என்று கேளுங்கள். நண்பகலில், விளக்குகளை அணைத்துவிட்டு எடுத்த காணொளியும் கேளுங்கள். வெளிப்புறப் படத்தில் தெரியும் சன்னல்களை எண்ணி மகிழ வேண்டாம். ஜெனோவாவின் சுவர்களில் சன்னல், அதன் பச்சைக் கதவு, மேலே பூவேலைப்பாடு எல்லாவற்றையும் நிழல் விழுவதுபோல் வண்ணத்தில் தீட்டிவைப்பது பழைய வழக்கம். எதிர்ச்சாரியில் நின்று பார்த்தாலும் எது உண்மை, எது ஓவியம் என்று சட்டெனத் தெரியாது.

மின்சாரத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். இத்தாலிய வீடுகளில் வழக்கமான மின் இணைப்பு 3 கிலோவாட். துணி துவைக்கும் இயந்திரம் ஓடும்போது மின் அடுப்பைப் போட்டு, குளியலறையில் வெந்நீர்க் கருவியும் எரிந்தால் வீடு இருண்டுவிடும். மின் அளவி பல கட்டடங்களில் கீழே நுழைவாயில் அருகே இருக்கும். படிக்கட்டு விளக்கோ பொத்தானை அழுத்தினால் சற்று நேரம் எரிந்து தானே அணைவது. ஐந்து மாடி இறங்கி, இருட்டில் தடவி, வரிசையாக இருக்கும் அளவிகளில் நம்முடையதைக் கண்டுபிடித்து விசையை மேலே தள்ளிவிட்டு, மறுபடி ஐந்து மாடி ஏறும் வரை குக்கரில் பருப்பு அரைவேக்காட்டில் காத்திருக்கும்.

முகவரியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஜெனோவாவில் வீட்டு வாசல்களுக்குக் கருப்பு எண்ணும் கடைகளுக்குச் சிவப்பு எண்ணும் தனித்தனி வரிசையில் ஓடும். ஒரே தெருவில் கருப்பு 12 ஓரிடத்திலும் சிவப்பு 12 வேறோர் இடத்திலும் இருக்கும். முகவரியில் எண்ணுக்குப் பின்னால் ஆர் என்ற எழுத்து இருந்தால் அது கடை. கடையாக இருந்த தரைத்தளத்தை வீடாக்கி வாடகைக்கு விடுபவர்களும் இருப்பதால் இதைக் கவனியுங்கள்.

ஒப்பந்தம்: சாதாரணமானது நான்கும் நான்குமாக எட்டாண்டு, நகரளவில் ஒத்துக்கொண்ட வாடகை வரம்புக்கு உட்பட்டது மூன்றும் இரண்டுமாக ஐந்தாண்டு, தற்காலிக ஒப்பந்தம் 18 மாதம் வரை. உங்களுக்கு இரண்டாவது வகை, இடையில் வெளியேறும் உரிமையோடு கிடைத்தால் நல்லது. முன்பணம் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு இது ஓர் ஆறுதல். ஒப்பந்தம் 30 நாட்களுக்குள் வரித்துறையில் பதிவாக வேண்டும். பதிவு வேண்டாம், வாடகையைக் குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் உரிமையாளரிடம் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், ஏனென்றால் பதிவான ஒப்பந்தம் இல்லாமல் நகராட்சியில் குடியிருப்புப் பதிவு கிடைப்பது கடினம். குடியிருப்புப் பதிவு இல்லாமல் அடையாள அட்டை முதலிய பலவும் முடங்கும்.

கடைசியாக, உங்கள் ஆய்வுக்கூடம் மொரேகோவில் என்றால் அது பொல்செவெரா பள்ளத்தாக்கின் மேல்முனையில், பழைய நகரத்திலிருந்து நெடுந்தொலைவில் இருக்கிறது. பொல்சானேட்டோ வரை உள்ளூர் ரயிலில் போய் அங்கிருந்து மேட்டுக்கு ஏற வேண்டும். பிரின்சிப்பே, பிரிஞ்ஞோலே ஆகிய இரண்டு பெரிய நிலையங்களில் ஒன்றுக்கு எளிதாக நடந்து போகும்படி வீடு அமைவதே உங்களுக்கு முதன்மை.

பதில் 2: கத்தரி வெயில்

நான் காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவள். இப்போது ஜெனோவாவின் மராஸ்ஸி பகுதியில் குடும்பத்துடன் வசிக்கிறேன். மேலே அண்ணன் எழுதிய மின்சாரக் கதையைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோரும் சிரித்தோம்; எங்கள் கட்டடத்திலும் அதே கூத்துதான்.

குழந்தையின் பள்ளியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆறு வயதிலிருந்து பதினாறு வயது வரை கட்டாயக் கல்வி. அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை. மொழி தெரியாது என்ற காரணத்துக்காகச் சேர்க்க மறுக்க முடியாது. வயதுக்குரிய வகுப்பிலேயே பொதுவாக உட்காரவைப்பார்கள். அடுத்த கல்வியாண்டுக்கான பதிவு குளிர்காலத்திலேயே நடந்துவிடும். பிறகு வருபவர்கள் நேரே பள்ளி அலுவலகத்துக்குப் போய் இடம் கேட்க வேண்டும். அப்போது வாரம் 40 மணி நேரம் நடக்கும் முழுநேர வகுப்பு உள்ள பள்ளிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நண்பகலுக்குப் பின் பிள்ளையை அழைத்துவர ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். பள்ளி உணவில் இறைச்சி, மீன் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். எங்கள் பகுதியில் எக்குவடோர் நாட்டிலிருந்து வந்து வேரூன்றிய குடும்பங்கள் மிகுதி. புதிதாக வந்த பிள்ளை என்பது இங்குள்ள ஆசிரியைகளுக்குப் புதிய செய்தியே இல்லை. பெரியவர்கள்தான் மொழியில் திணறுவோம். பெரியவர்களுக்கான அரசுக் கல்வி மையங்களில் இத்தாலிய வகுப்புகள் நடக்கின்றன. உங்கள் கணவர் வந்த வாரமே அங்கே பெயர் கொடுத்துவிடுவது நல்லது. ஆய்வுக்கூடத்துக்குள் ஆங்கிலம் போதும் என்பதால் நீங்கள் தப்பிவிடுவீர்கள். அஞ்சல் நிலையத்திலும் பள்ளிக் கூட்டத்திலும் மாட்டிக்கொள்பவர் அவர்தான்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, கடல் நகரம் என்றாலும் இந்த ஊர் சமையலில் கீரையும் பருப்பும் நிறைய. ஃபரினாத்தா என்று ஒன்று உண்டு: கடலைமாவை நீரில் நீர்க்கக் கரைத்து, ஊறவிட்டு, ஆலிவ் எண்ணெயும் உப்பும் சேர்த்து, அகன்ற செம்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுடுவார்கள். ஓரம் முறுகலாகவும் நடு மெத்தென்றும் இருக்கும். மேலே மிளகு தூவிச் சுடச்சுடத் தின்றால் என் பிள்ளைகள் அடைக்குச் சட்னி கேட்பதுபோல் சட்னி கேட்பார்கள். ஊரின் பெருமையான பெஸ்தோவில் இறைச்சி இல்லை, துளசி இனத்து இலை, பூண்டு, பைன் விதை, ஆலிவ் எண்ணெய், பாலாடைக்கட்டிதான். ஆனால் அதில் சேரும் பார்மிஜ்ஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால் செய்யப்படுவது. கண்டிப்பான சைவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரிசி, பருப்பு, பச்சை மிளகாய், வெண்டைக்காய்க்குப் பிரே தெருப் பக்கம் வங்கதேசத்தவர் கடைகள் இருக்கின்றன. ஊரிலிருந்து நெய் கொண்டுவர நினைக்காதீர்கள். பால்பொருள்களைப் பயணப் பெட்டியில் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றிய விதிகள் இடம் தருவதில்லை. வெண்ணெய் இங்கே நன்றாகக் கிடைக்கிறது, வீட்டிலேயே உருக்கிக்கொள்ளலாம்.

மருத்துவம் நிம்மதி. பணி ஒப்பந்தத்தோடு வருபவர்களும் அவர்களைச் சார்ந்த குடும்பத்தினரும் தேசிய மருத்துவச் சேவையில் பதிவு செய்துகொள்ளலாம். குழந்தைக்குத் தனியாகக் குழந்தை மருத்துவர் ஒருவரைத் தேர்ந்தெடுப்போம். கஸ்லீனி குழந்தைகள் மருத்துவமனை இந்த ஊரில்தான் இருக்கிறது. அதற்காகவே வெளியூர்களிலிருந்து பெற்றோர் வருகிறார்கள்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது மழையைப் பற்றி. மத்தியதரைக் கடற்கரை என்றதும் வெயிலும் நீலக்கடலும்தான் நம் நினைவுக்கு வரும். இலையுதிர்காலத்தில் சூடான கடலிலிருந்து எழும் ஈரக்காற்று நேரே மலையில் முட்டி, சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். 2011 நவம்பர் 4 அன்று எங்கள் பகுதியில் ஃபெரெஜ்ஜானோ ஓடை பெருக்கெடுத்ததில் குழந்தைகள் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். 2014 அக்டோபரில் பிசாஞ்ஞோ ஆறு மறுபடி ஊருக்குள் வந்தது. அந்த ஆற்றின் கடைசிப் பகுதியை 1930களில் மூடி மேலே சாலையும் கட்டடங்களும் எழுப்பிவிட்டார்கள்; ராஜகால்வாய்களை மூடிவிட்டு ஒவ்வொரு மழைக்கும் தவிக்கும் ஊரிலிருந்து வந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இப்போது மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறார்கள். சிவப்பு என்றால் பள்ளிகள் மூடப்படும், அதை மதித்து எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். பள்ளத்தில் உள்ள எந்தப் பகுதியிலும் தரைத்தள வீடு எடுக்காதீர்கள்.

பதில் 3: சந்துவாசி

பானஸ்வாடி நண்பர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை, ஆனால் அவருடைய முடிவை நான் ஏற்கவில்லை. கட்டடக்கலை படிக்கச் சென்று பழைய நகரத்துக்குள்ளேயே, சர்சானோ சதுக்கத்தின் அருகில் குடியிருந்தவன் நான். படியேற முடிந்தவர்கள் மேல் மாடிகளைப் பிடித்தால் வெயிலும் உண்டு, காற்றும் உண்டு, கரும்பலகைக் கல் வேய்ந்த கூரைகளின் மேல் கடலும் தெரியும். கீழே இறங்கினால் ரொட்டிக் கடை, மருந்துக் கடை, தையற்காரர் எல்லாம் நூறடிக்குள். மேட்டுப் பகுதிகளில் குடியிருந்தவர்கள் அண்டைவீட்டுக்காரர் பெயர் தெரியாமலே திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். சந்தில் அது நடவாத காரியம். எதிர்வீட்டுப் பாட்டி தம் கப்பிக் கயிற்றில் துணி உலர்த்தும்போதே நம் சன்னலைப் பார்த்து, பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்துவிட்டதா என்று கேட்பார்.

பிறகு, அந்த இடத்தின் வரலாறு அங்கே காட்சிப் பொருளாக இல்லாமல் புழக்கத்தில் இருக்கிறது. 1576இல் ஜெனோவாக் குடியரசு, அரசு விருந்தினர்களைத் தங்கவைக்கத் தக்க மாளிகைகளைப் பட்டியல் போட்டு, விருந்தினர் வந்தால் அந்த வீட்டுக்காரர்களே உபசரிக்க வேண்டும் என்று விதித்தது. அரசுக்கென்று விருந்தினர் மாளிகை கட்டாமல் செல்வர்களின் தலையில் செலவைக் கட்டிய சாமர்த்தியத்தை வணிகர்களின் ஊரில்தான் எதிர்பார்க்க முடியும். அவற்றுள் 42 மாளிகைகள் 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. இன்று அவற்றில் வங்கி இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது, குடித்தனங்களும் இருக்கின்றன. ஆண்டில் சில நாட்கள் பலவற்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். பேராலயத்துக்குள் 1941 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கடற்படை சுட்டு வெடிக்காமல் விழுந்த குண்டு ஒன்றை வைத்திருக்கிறார்கள். பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தை உலகுக்குச் சொன்ன மார்க்கோ போலோ, 1298இல் இந்த ஊரில் கைதியாக இருந்தபோதுதான் தம் பயணங்களைச் சக கைதி ஒருவருக்குச் சொல்லி எழுதவைத்தார். பழைய காயலுக்குப் போயிருக்கும் எந்தத் தமிழருக்கும் அந்தத் துறைமுகத்தில் நிற்கும்போது ஒரு சொந்தம் தோன்றும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எர்பே சதுக்கத்தைச் சுற்றி இரவு வெகுநேரம் மதுக்கடைக் கூச்சல். அந்தப் பக்கம் குழந்தையோடு வேண்டாம். பிரே, மத்தலேனா பகுதிகளில் சில சந்துகள் இரவில் அவ்வளவு நன்றாக இருக்காது. விளையாடத் திறந்தவெளி என்றால் பழைய துறைமுகம்தான். கொலம்பஸின் அமெரிக்கப் பயணத்தின் 500ஆம் ஆண்டை ஒட்டி 1992இல் கட்டடக்கலைஞர் ரென்சோ பியானோ அதைச் செப்பனிட்டு ஊருக்குத் திருப்பிக் கொடுத்தார். குழந்தைகள் ஓடியாடலாம், மீன் காட்சியகமும் அங்கேதான். ஆனால் ஊருக்கும் அதற்கும் நடுவே 1965இல் கட்டிய மேம்பாலச் சாலை ஓடுகிறது. கடலைப் பார்த்த சன்னல் என்று விளம்பரம் சொன்னால், அந்தச் சன்னல் மேம்பாலத்தையும் பார்த்ததுதானா என்று கேளுங்கள்.

பதில் 4: கணக்குப் புத்தகம்

ஊரைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் தாள்களைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் பெயர். நம்மில் பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது தந்தை பெயர் அதில் இருக்கும். இத்தாலியில் பதினாறு எழுத்தெண் கொண்ட வரி அடையாள எண் இல்லாமல் கைப்பேசி இணைப்புக்கூட வாங்க முடியாது. அந்த எண்ணே குடும்பப் பெயரின் மூன்று எழுத்துகள், இடுபெயரின் மூன்று எழுத்துகள், பிறந்த ஆண்டு, மாதம், நாள், பிறந்த இடம் ஆகியவற்றிலிருந்து கட்டப்படுவது. பெண்களுக்குப் பிறந்த நாளோடு 40 கூட்டப்படும். 7ஆம் தேதி பிறந்தவருக்கு 47 என்று வரும், பிழை என்று பதற வேண்டாம். இந்தியாவில் பிறந்த எல்லோருக்கும் இடக்குறியீடு இஸட் 222. ஆகவே விசா, பணி ஒப்பந்தம், பட்டச் சான்று, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் பெயர் ஒரே வரிசையில் இருக்கும்படி புறப்படுவதற்கு முன்பே செய்துகொள்ளுங்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் காலி என்றால் அதை இங்கேயே நிரப்பிவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம்.

திருமணச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று, பட்டச் சான்றுகள் ஆகியவற்றுக்கு, அயல்நாட்டில் செல்லும்படி அரசு இடும் அப்போஸ்தில் முத்திரையும் இத்தாலிய மொழிபெயர்ப்பும் வேண்டும். பெங்களூருத் தமிழர்கள் பலருக்குத் திருமணம் வேலூரிலோ சேலத்திலோ பதிவாகியிருக்கும், குழந்தை இங்கே பிறந்திருக்கும். மாநில அளவிலான சான்றொப்பம் அந்தந்தச் சான்றை வழங்கிய மாநிலத்தில்தான் வாங்க வேண்டும், பிறகுதான் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. இரண்டு மாநில அலுவலகங்களுக்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள். அங்கே இறங்கியதும் எட்டு வேலை நாட்களுக்குள் தங்கல் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அட்டை கைக்கு வரப் பல மாதங்கள் ஆகலாம், அதுவரை விண்ணப்ப ரசீதே உங்கள் ஆவணம். அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

வரி விஷயத்தில் உங்களுக்கு ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது. வெளிநாட்டில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ச்சியாக ஆய்வு செய்ததற்குச் சான்றுள்ள ஆய்வாளர் இத்தாலிக்குக் குடிபெயர்ந்தால், அவருடைய ஆய்வு வருமானத்தில் 90 சதவீதம் வருமான வரிக் கணக்கிலிருந்து விலக்கப்படும்; குடிபெயர்ந்த ஆண்டையும் அதற்குப் பின் வரும் ஐந்து ஆண்டுகளையும் சேர்த்து இது பொருந்தும், அங்கேயே குடியிருக்கும் வரை. உங்கள் நிறுவனத்திடமிருந்து பணிக்காலச் சான்றைத் தேதிகளோடு வாங்கிக்கொண்டு போங்கள். சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் வழக்கம்போல இருக்கும், அது இந்த விலக்கில் சேராது.

உங்கள் கணவரின் நிலை வேறு. குடும்பத்தினருக்கான அனுமதியில் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் இத்தாலியில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு, சம்பளம் பெங்களூரு வங்கிக் கணக்கில் விழுந்தாலும், வரி இத்தாலியில்தான் எழும்; ஆண்டின் பெரும்பகுதி அங்கே குடியிருந்தால் உலக வருமானம் முழுவதும் அங்கே கணக்கில் வரும். இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால் ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை முழு வரி கட்ட வேண்டியிராது. அதைவிடப் பெரிய தடை அவருடைய நிறுவனம்: ஊழியர் ஒருவர் நிரந்தரமாக அயல்நாட்டிலிருந்து வேலை செய்தால் நிறுவனத்துக்கே அங்கே வரிப்பொறுப்பு வரக்கூடும் என்பதால் பலரும் மறுத்துவிடுகிறார்கள். மேலாளரின் வாய்மொழி உறுதியை நம்பாமல் மனிதவளத் துறையிடமிருந்து எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். கார் ஓட்டும் எண்ணம் இருந்தால், நம் உரிமத்தை இத்தாலிய உரிமமாக மாற்றித் தருவதில்லை. குடியிருப்புப் பதிவான ஓராண்டுக்குப் பின் அங்கே தேர்வெழுதித்தான் ஆக வேண்டும்.

கேள்வியாளரின் மறுமொழி: மல்லேஸ்வரம் வாசகி

எல்லோருக்கும் மிக்க நன்றி. கணவரைப் படிக்கச் சொன்னேன்; சந்துவாசி ஐயாவின் பதிலைப் படித்து மலர்ந்தவர், படிக்கட்டுக் கணக்கைப் படித்து அடங்கிவிட்டார். நான் செப்டம்பரில் சேர வேண்டியிருப்பதால் வரிச்சலுகை எந்த ஆண்டிலிருந்து என்பதையும், மாமியார் எங்களுடன் நிரந்தரமாக இருக்க முடியுமா என்பதையும் தெளிவுபடுத்த முடியுமா? அவருக்கும் ஏற்ற பகுதி எது?

கணக்குப் புத்தகம்: செப்டம்பரில் போய்ச் சேர்ந்தால் அந்த ஆண்டின் பெரும்பகுதி நீங்கள் அங்கே இருந்திருக்க மாட்டீர்கள், ஆகவே பொதுவாக அடுத்த ஆண்டிலிருந்துதான் அங்கே வரிக்குடியாகக் கருதப்படுவீர்கள், சலுகையும் அதிலிருந்துதான். முதல் சில மாதச் சம்பளத்தில் முழுப் பிடித்தம் இருக்கும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். பெற்றோரைக் குடும்ப இணைப்பில் அழைத்துவரும் விதி கடுமையானது. அவர்களுக்குச் சொந்த நாட்டில் வேறு பிள்ளைகள் இருந்தால் பெரும்பாலும் நடக்காது. மாமியார் என்பதால் விண்ணப்பம் உங்கள் கணவர் பெயரில் போக வேண்டும், அவரே அங்கே சார்ந்து வருபவர். எனவே சுற்றுலா விசாதான் வழி: எந்த 180 நாட்களை எடுத்தாலும் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது.

பானஸ்வாடி பயணி: ஜெனோவாவில் சமதளம் கிடைப்பது ஆறு ஓடிய இடத்தில்; ஆறு வராத இடத்தில் படிக்கட்டு. இரண்டில் ஒன்றைத் தாங்கித்தான் ஆக வேண்டும். உங்கள் குடும்பத்துக்கு ஃபோச்சே பகுதியைப் பார்க்கச் சொல்வேன். பிசாஞ்ஞோ கடலில் சேரும் இடம் என்பதால் வெள்ள அபாயம் உண்டு, ஆனால் தரை மட்டமானது, இருபதாம் நூற்றாண்டுக் கட்டடங்கள், மின்தூக்கி பெரும்பாலும் இருக்கும், பிரிஞ்ஞோலே நிலையத்துக்கு நடந்து போகலாம், அங்கிருந்தே பொல்சானேட்டோவுக்கு உள்ளூர் ரயில். இரண்டாம் மாடிக்கு மேல் எடுத்தால் வெள்ளத்தைப் பற்றிய கவலை வாசலோடு நின்றுவிடும். கஸ்தெல்லெத்தோ மேட்டில் காட்சி அருமை, வாடகையும் அதற்கேற்ப இருக்கும். பொது மின்தூக்கி பழுதானால் அத்தை வீட்டிலேயே அடைபட வேண்டியதுதான். அவரை ஏப்ரல் கடைசியில் வரவழையுங்கள். மைய வெப்பமூட்டலை நவம்பர் முதல் நாளிலிருந்து ஏப்ரல் 15 வரை மட்டுமே இயக்க அங்கே அனுமதி. அதற்குப் பிறகு குளிர் திரும்பினால் போர்வைதான், ஆனால் மே மாதம் பிறந்துவிட்டால் அந்தக் கவலையும் இராது. முகவருக்கு எழுதும்போது மின்தூக்கி இருக்கிறதா என்பதோடு அது எங்கிருந்து தொடங்குகிறது என்றும் கேளுங்கள். தெருவாசலிலிருந்து மின்தூக்கிக் கதவு வரை பத்துப் பதினைந்து படிகள் ஏறவேண்டிய கட்டடங்கள் அங்கே நிறைய, விளம்பரத்தில் அது வராது.